முதுகுப் பை – பிறந்த கதையும் பிழைக்கும் வழியும்



மலர்க் குழுவிலிருந்து வந்து "தொழில்நுட்பக் கட்டுரை ஒண்ணு எழுதிக் குடு" என்று கேட்டார்கள். ரோபோ, சோலார், மின்சார வண்டி என்று மற்றவர்கள் எழுதிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் நான் நம் எல்லோர் முதுகிலும் தினமும் தொங்குகிற பையைப் பற்றி எழுதப் போகிறேன். "பையைப் பத்தி எழுத என்னடா இருக்கு?" என்று என் பெஞ்சு நண்பன் சிரித்தான். அவனுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

சிறுமலையில் அறுந்த வார்

சென்ற ஆண்டு நாங்கள் ஏழு பேர் சிறுமலைக்குப் போனோம். திண்டுக்கல்லில் பஸ் ஏறி, 18 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, அகஸ்தியர்புரம் பக்கம் இறங்கி, வெள்ளிமலை சிவன் கோயிலுக்கு ஏறத் தொடங்கினோம். ஏழு பேருக்கும் தண்ணீர், புளிசாதம், பழம் எல்லாம் என் பையில்தான். 'ட்ரெக்கிங் பேக்' என்று சொல்லி விற்றதை 900 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தேன். நூல் மில்லில் ஷிப்டு வேலை பார்க்கும் என் அம்மா ஓவர்டைம் பார்த்துக் கொடுத்த பணம் அது. வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை.

பாதி ஏற்றத்தில் 'டர்ர்' என்று ஒரு சத்தம். வலது தோள் வார் அடியோடு பிய்த்துக்கொண்டது. பை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நானும் சாய்ந்தேன். பின்னால் வந்தவன் சட்டையைப் பிடித்து இழுக்காவிட்டால் இந்தக் கட்டுரையை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும்!

இறங்கி வரும்போது, பொதி ஏற்றிய குதிரையோடு ஒரு பெரியவர் வந்தார். சிறுமலையில் ரோடு இல்லாத தோட்டங்களிலிருந்து வாழைத்தாரும் எலுமிச்சையும் இன்றும் குதிரை முதுகில்தான் ரோட்டுக்கு வருகின்றன. பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நான் நடந்த கோலத்தைப் பார்த்து அவர் நின்றார்.

"என்ன தம்பி, பை போச்சா?"

"ஆமாய்யா. வெயிட் தாங்கல."

"வெயிட்டுனால போகாது தம்பி. ரெண்டு பக்கமும் சரியா ஏத்தி, முதுகோட ஒட்டிக் கட்டணும். ஒரு பக்கம் தூக்குச்சுன்னா குதிரை முதுகு புண்ணாயிரும். அப்புறம் ஒரு வாரம் தோட்டத்துச் சாமான் தோட்டத்துலதான் கிடக்கும்."

நாம் அப்ளைடு மெக்கானிக்ஸில் ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்ததை அவர் நாலு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் பை வாங்கிய கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். "இதுக்கெல்லாம் ரிப்பேர் கிடையாது தம்பி. இதைப் போட்டுட்டுப் புதுசு எடுங்க, கொஞ்சம் குறைச்சுத் தர்றேன்" என்றார்கள். அம்மாவிடம் இன்னொரு 900 ரூபாய் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பை தைக்கிற அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் உள்பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். "பாருங்க தம்பி, துணி ஓரத்துல ஒத்தைத் தையல். உள்ள பட்டி வைக்கவே இல்ல. இது அறுந்தது அதிசயமில்ல, நாலு மாசம் தாங்குனதுதான் அதிசயம்." குத்தூசியும் மெழுகு நூலும் எடுத்து, உள்ளே ஒரு ரெக்சின் துண்டு வைத்து, கட்டம் போட்டு நடுவில் பெருக்கல் குறி மாதிரி தைத்துக் கொடுத்தார். கூலி 60 ரூபாய். அந்தப் பைதான் இன்றுவரை என் முதுகில் இருக்கிறது.

900 ரூபாய் பையில் இல்லாதது 60 ரூபாய்த் தையலில் எப்படி வந்தது? இந்தக் கேள்விதான் என்னை லைப்ரரிக்குத் துரத்தியது.

கொஞ்சம் கணக்கு

ரெக்கார்டு நோட்டு, மினி டிராஃப்டர், காக்கி யூனிஃபார்ம், டிபன், தண்ணீர் எல்லாம் சேர்த்து என் பையை நிறுத்துப் பார்த்தேன். 8 கிலோ! விசையாகச் சொன்னால் சுமார் 78.5 நியூட்டன்.

பையின் ஈர்ப்பு மையம் முதுகிலிருந்து 10 செ.மீ. தள்ளியிருந்தால், உடலைப் பின்னுக்கு இழுக்கும் திருப்புத்திறன் 78.5 × 0.1 = 7.85 நியூட்டன் மீட்டர். அதே பையைத் தொளதொளவென்று தொங்கவிட்டு மையம் 20 செ.மீ. தள்ளிப் போனால் 15.7. எடை கூடவே இல்லை, ஆனாலும் இழுப்பு இரண்டு மடங்காகிவிட்டது! அதைச் சமாளிக்கத்தான் நாம் முன்னால் குனிந்து நடக்கிறோம். ஸ்டைலுக்காக வாரை நீளமாக விட்டு இடுப்புக்குக் கீழே பையை ஆட்டிக்கொண்டு போகும் அன்பர்கள் கவனிக்க!

பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது பை குதிக்கிறது அல்லவா? அப்போது வார் இணைப்பில் விழுவது வெறும் எடை இல்லை, அதிர்வுச் சுமை. ஒற்றைத் தையலில் அந்த விசை ஒரே கோட்டில் குவிகிறது. கட்டமும் பெருக்கல் குறியுமாகத் தைத்தால் அதே விசை பல தையல்களுக்குப் பிரிந்து போகிறது. ரிவெட் ஜாயின்ட்டில் ஒற்றை வரிசைக்கும் இரட்டை வரிசைக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். பஸ் ஸ்டாண்டு அண்ணன் அதைப் புத்தகம் படித்துச் செய்யவில்லை, கையால் செய்தார்.

பை பிறந்த கதை

ஆதியில் பை என்றால் சாக்குதான். அதன் அடிப்படையை மாற்றியவர்களில் முக்கியமானவர் நார்வே நாட்டின் ஓலே பெர்கன். வேட்டைக்குப் போனபோது சாக்குப் பை முதுகில் குத்தி வலி எடுத்தது. ஒரு மரக்கிளையைத் தன் முதுகின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, பைக்கும் முதுகுக்கும் நடுவில் வைத்துக் கட்டினார். பிறகு கிளைக்குப் பதில் லேசான எஃகுக் குழாயை வைத்து 1909ல் காப்புரிமை பெற்றார். பைக்கும் 'எலும்புக்கூடு' வேண்டும் என்பது அப்போது உறுதியாயிற்று.

அடுத்து அமெரிக்காவின் டிக் கெல்டி. 1952ல் கலிபோர்னியாவில் தன் வீட்டிலேயே, விமானத் தொழிலில் புழங்கிய அலுமினியக் குழாயை வளைத்துச் சட்டம் செய்தார். அவர் மனைவி நீனா பையைத் தைத்தார். புருஷன் சட்டம், பெண்டாட்டி தையல் என்று தொடங்கிய குடிசைத் தொழில் அது! கெல்டி பெரிதாக்கிய இன்னொரு விஷயம் இடுப்புப் பட்டை. அதை இறுக்கிக் கட்டினால் சுமையின் பெரும்பகுதி தோளை விட்டு இடுப்பெலும்புக்கு இறங்கிவிடும். தோள் தசையைவிட இடுப்பும் காலும் பலசாலிகள். 1963ல் எவரெஸ்ட் ஏறிய அமெரிக்கக் குழு கெல்டி பைகளைத்தான் சுமந்து போனது.

1967ல் கிரெக் லோ என்பவர் வெளியே தெரிந்த சட்டத்தைப் பைக்குள்ளேயே மறைத்து வைத்தார். மலையேறுகிறவர் பாறையில் உரசாமல், பை உடம்போடு ஒட்டி அசையும்படி ஆனது. இன்றைய மலையேற்றப் பைகளில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவைதான்.

துணியும் இதற்குள் மாறிவிட்டது. நம் அப்பா காலத்துப் பை கித்தான் பை. காக்கி நிறம், நனைந்தால் இரண்டு மடங்கு கனம், காய இரண்டு நாள். 1935ல் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு உருவாக்கிய நைலான் இந்தக் கதையை மாற்றியது. பை லேபிளில் 'டெனியர்' என்று ஒரு எண் பார்த்திருப்பீர்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். அதாவது 1000 டெனியர் நூல் 9 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கிலோ எடை. எண் கூடினால் நூல் தடிமன், பொதுவாகத் துணிக்கு உறுதியும் கூடும், பையின் கனமும் கூடும்.

ஒரு கம்பெனியின் கதை: ஆஸ்ப்ரே

இப்போது கட்டுரையின் நடுப்பகுதிக்கு வருவோம். மைக் ஃபோட்டன்ஹாவர் என்ற இளைஞர் 1974ல் கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் நகரில் ஆஸ்ப்ரே என்ற பெயரில் பை தைக்க ஆரம்பித்தார். பதினாறு வயதிலேயே தனக்கென்று ஒரு பை தைத்துக்கொண்டவர் அவர். வருகிறவரின் உடம்பை அளந்து, தையல்காரர் சட்டை தைப்பது போல ஆளுக்கேற்ற பை தைத்துக் கொடுத்தார்.

1990ல் கம்பெனி கொலராடோ மாநிலத்தின் டோலரஸ் என்ற சின்ன ஊருக்கு இடம் பெயர்ந்தது. அங்கே தையல் வேலையில் ஏற்கெனவே தேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். நவஹோ பழங்குடியினர் பலர் அவர்களில் அடக்கம். தொழில் வளர்ந்தது. ஆனால் 2000களின் தொடக்கத்தில் உற்பத்தி வியட்நாமுக்குப் போனது. ஃபோட்டன்ஹாவர் குடும்பத்தோடு ஹோ சி மின் நகருக்கே போய்ச் சில ஆண்டுகள் தங்கி, தொழிற்சாலையில் நின்று வேலையைக் கவனித்தார். தரம் கெடவில்லை என்று மெச்சுகிறார்கள். நல்லது. ஆனால் டோலரஸ் தையல் மேஜைகளில் உட்கார்ந்திருந்த கைகளையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். நாளைக்கு நாமும் ஏதோ ஒரு கம்பெனியின் ஷாப் ஃப்ளோரில் நிற்கப் போகிறவர்கள்தானே!

என்னைக் கவர்ந்தது அவர்களுடைய பழுதுபார்க்கும் வாக்குறுதி. 1974ல் வாங்கிய பையானாலும் நேற்று வாங்கியதானாலும், என்ன காரணத்தால் கெட்டிருந்தாலும் சரிசெய்து கொடுப்போம் என்று அறிவித்தார்கள். உற்பத்தி கடல் கடந்து போன பிறகும் பழுதுபார்க்கும் பிரிவைத் தாய்வீட்டிலேயே வைத்திருந்தார்கள். இப்படி ஒரு வாக்கு கொடுத்தவன் ஒற்றைத் தையல் போடுவானா? போட்டால் நஷ்டம் அவனுக்குத்தான்! பழுதாகித் திரும்பி வரும் ஒவ்வொரு பையும் டிசைனருக்கு ஒரு பாடம். எந்த இடம் கிழிகிறது, எந்த கிளிப் உடைகிறது என்று பார்த்து அடுத்த பையைத் திருத்தலாம்.

பிறகு சுற்றுச்சூழல் வேலைகளும் சேர்ந்துகொண்டன. பழைய நைலான், பாலியஸ்டரிலிருந்து மறுசுழற்சி செய்த துணி, ரசாயனக் கட்டுப்பாட்டுக்கு 'புளூசைன்' என்ற சான்று பெற்ற துணி, புளோரின் சேராத நீர்விலக்கிப் பூச்சு என்று மாறினார்கள். 2021 டிசம்பரில் ஹெலன் ஆஃப் ட்ராய் என்ற பெரிய குழுமம் சுமார் 41 கோடி டாலருக்கு ஆஸ்ப்ரேயை வாங்கிவிட்டது. ஒரு தையல் மெஷினில் தொடங்கியது எங்கே போய் நிற்கிறது பாருங்கள்!

நம் நாட்டில்

இந்தியாவில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது பெங்களூரின் வைல்ட்கிராஃப்ட். மலை, காடு என்று அலைந்த சில நண்பர்களின் முயற்சி. இங்கே நல்ல கூடாரம் கிடைக்கவில்லையே என்று தாங்களே கூடாரம் செய்து, 1998ல் தொழிலாகத் தொடங்கினார்கள். பிறகுதான் பை, சட்டை, காலணி எல்லாம். 2013ல் செக்கோயா முதலீடு வந்தது. 2020 கொரோனா காலத்தில் பை தைத்த அதே தையல் வரிசைகள் முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் தைத்தன. இது சின்ன விஷயமில்லை. மெஷின் ஒன்றுதான், கற்ற கை ஒன்றுதான், பேட்டர்ன் மட்டும் வேறு. தொழில் தெரிந்த கைக்கு வேலை மாறலாம், வேலை இல்லாமல் போகாது.

பச்சை நிற லேபிளுக்குப் பின்னால்

'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று ஒரு இலைப் படம் போட்டுவிட்டால் போதுமா? மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, மழைநீர் முத்து முத்தாக உருண்டோடச் செய்யும் பூச்சு. பல ஆண்டுகள் இதற்குப் புளோரின் சேர்ந்த கரிமச் சேர்மங்களைப் பயன்படுத்தினார்கள். கார்பன்–புளோரின் பிணைப்பு மிக வலுவானது. அதுதான் அதன் பலம், அதுதான் அதன் ஆபத்தும். மண்ணுக்கோ தண்ணீருக்கோ போனால் எளிதில் சிதையாது. இந்த வகையில் ஒன்றான பி.எஃப்.ஓ.ஏ. 2019ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கலிபோர்னியாவில் துணிகளில் இந்த வகை ரசாயனங்களை வேண்டுமென்றே சேர்ப்பதற்கு 2025 ஜனவரி முதல் தடை. கம்பெனிகள் மாறியதற்கு மனச்சாட்சி பாதி காரணம் என்றால், சட்டம் மீதி!

இரண்டு, பாட்டிலிலிருந்து நூல். இதைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டாம், பக்கத்துக் கரூர் போதும். தண்ணீர் பாட்டிலும் பாலியஸ்டர் துணியும் ஒரே பாலிமர்தான். பாட்டிலைக் கழுவி, நறுக்கி, சுமார் 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கி, நுண்துளைகள் வழியாக இழுத்தால் நூல். இடியாப்பம் பிழிவது போலத்தான்! 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீல நிற மேல்சட்டையின் துணி, கரூர் ஸ்ரீ ரங்கா பாலிமர்ஸ் நிறுவனம் பழைய பாட்டில்களிலிருந்து தயாரித்தது.

ஆனால் ஒரு சங்கடம். பாட்டில் பையாகலாம், பை மறுபடி பாட்டிலாகாது. ஒரு பையில் நைலான், பாலியஸ்டர், பாலியூரிதேன் பூச்சு, ஸ்பான்ஞ், ஜிப், அலுமினியம் எல்லாம் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கின்றன. இவற்றைப் பிரிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஆகவே கிழிந்த பை பெரும்பாலும் குப்பைமேட்டுக்குத்தான் போகிறது.

மூன்று, ஆயுள். எனக்கு இதுதான் முதல் என்று தோன்றுகிறது. ஆண்டுக்கு ஒரு பை வீதம் படிப்பு முடிவதற்குள் மூன்று பை வாங்குகிறவனும், ஒரே பையைத் தைத்துத் தைத்து ஆறு ஆண்டு ஓட்டுகிறவனும் சமமா? இரண்டாமவன் எந்த இலைப் படமும் இல்லாமலே துணியும் சாயமும் தண்ணீரும் மிச்சம் பிடித்துவிட்டான்.

திண்டுக்கல்காரனுக்குத் தெரியும்

"அப்படின்னா பழையபடி தோல் பைக்குப் போயிரலாமே, இயற்கைதானே?" என்று ஒரு நண்பன் கேட்டான். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? நம் ஊர்த் தோல் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் கழிவுநீர் இறங்கிய இடங்களில் கிணறு உப்பாயிற்று, வயல் வீணாயிற்று. 1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் தீர்ப்பளித்தபோது, அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் அதில் இடம்பெற்றது. தோல் பதனிடும் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றி நின்றது இந்தத் தீர்ப்பில்தான்.

நைலானோ தோலோ, பொருள் எதுவானாலும் செலவு உண்டு. அந்தச் செலவை யார் கட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி. மலிவுப் பை விற்றவர் கட்டவில்லை. குப்பைமேடு கட்டுகிறது, கிணறு கட்டுகிறது, ஓவர்டைம் பார்த்த என் அம்மா கட்டினார்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. வார் சேரும் இடத்தை உள்பக்கம் புரட்டிப் பாருங்கள். கட்டத் தையலும் உள்பட்டியும் இருக்கிறதா?
2. ஜிப் ரன்னரை மட்டும் தனியாக மாற்ற முடியுமா? ரன்னர் போனதற்காகப் பையையே போடாதீர்கள், மாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு.
3. கிளிப் உடைந்தால் தையலைப் பிரிக்காமல் வாரிலிருந்து கழற்ற முடிகிறதா?
4. கனமான பொருளை முதுகை ஒட்டி வையுங்கள். இரண்டு வாரையும் மாட்டுங்கள், ஒற்றைத் தோளில் தொங்கவிடாதீர்கள்.
5. உத்தரவாதம் என்றால் எதற்கு, எத்தனை நாளுக்கு என்று படித்துவிட்டு பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.
6. கடைத்தெருவுக்கு மஞ்சப்பை போதும். 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று சொல்லிவிட்டது!

முடிவாக ஒரு வேண்டுகோள்

நண்பர்களே! 'யூஸ் அண்ட் த்ரோ' என்று பழகிவிட்டோம். பொருளைச் செய்யத் தெரிந்தவனுக்கு மதிப்பு இருக்கிறது, சரிசெய்யத் தெரிந்தவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பஸ் ஸ்டாண்டு அண்ணனிடம், "உங்க பையன் இந்தத் தொழிலுக்கு வர்றானா அண்ணே?" என்று கேட்டேன். "யாரு தம்பி வர்றா? எல்லாரும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குறாங்க. தைக்கக் குடுத்தாத்தானே தொழில் நிக்கும்" என்றார்.

அதனால் மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இதுதான். செமஸ்டருக்கு ஒரு நாள் 'பழுது பார்க்கும் நாள்' வையுங்கள். வொர்க்ஷாப்பில் இரண்டு மேஜை, ஒரு பழைய தையல் மெஷின், கொஞ்சம் மெழுகு நூல், ரன்னர், கிளிப் போதும். பஸ் ஸ்டாண்டு அண்ணனைக் கௌரவமாக அழைத்து, உரிய கூலி கொடுத்து, நமக்குத் தைக்கச் சொல்லித்தரச் சொல்வோம். பெர்கன் ஒரு கிளையை வளைத்தார், கெல்டி ஒரு குழாயை வளைத்தார். நாம் முதலில் ஊசி பிடிக்கவாவது கற்றுக்கொள்வோம்.

நாளைக்கு நம்மில் ஒருவர் டிராயிங் ஷீட்டில் ஒரு பொருளை வரையும்போது, "இது உடைஞ்சா எப்படிக் கழட்டுறது?" என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும். சிறுமலையில் என் பை அறுந்தது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த அண்ணன் போட்ட தையல் இன்னும் விடவில்லை. சந்தேகம் இருந்தால் வந்து இழுத்துப் பாருங்கள். ஆனால் மெதுவாக!